ஏழு பேர் போதும்

ஒரு சங்கம் தொடங்க ஏழு பேர் போதும் என்கிறது 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். அதை எழுதியவர் எங்கள் வீதியில் குடியிருந்தவர் இல்லை என்பது மட்டும் நிச்சயம். இருந்திருந்தால் மூன்று என்று போட்டிருப்பார். அந்த மூன்றையும் பென்சிலால்தான் எழுதியிருப்பார்.

சிங்காநல்லூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு பஸ் ஸ்டாண்டு. மதுரைக்கும் திருச்சிக்கும் போகிறவர்கள் தீபாவளிக்கு முந்தின ராத்திரி பையும் குழந்தையுமாக வந்து நிற்கிற இடம். எங்களுக்கு அதுதான் ஊர். திருச்சி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, ஒரு பேக்கரியையும் ஒரு லேத்துப் பட்டறையையும் தாண்டினால் எங்கள் வீதி. அறுபது வீடுகள் இருக்கும். வீதி முனை விளக்கு எரிந்து எத்தனையோ காலம் ஆயிற்று. சாக்கடைக்கு மூடி இல்லை. தண்ணீர் எந்த நாள், எந்த நேரம் வரும் என்பது வால்வு திறக்கிறவருக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். கடவுளுக்கும் கடைசி நேரத்தில்தான் சொல்வார்களாம்.

கோவையில் எந்தக் காரியமும் பேக்கரி வாசலில்தான் பிறக்கும். பிரெட் வாங்கப் போன என்னை லேத்துக்காரர் நிறுத்தினார். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் பாதி கடித்த தேங்காய் பன்.

"ஏனுங் டீச்சர், தனித்தனியா மனு குடுத்து ஒண்ணும் ஆகறதில்லீங்க. ஒட்டுக்காச் சேந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சுப்போட்டா என்னங்க?"

பக்கத்தில் நின்ற பத்துப் பேரும், "ஆமாங்க, ஆரம்பிக்கோணுமுங்க" என்றார்கள். அப்போதே நான் உஷாராகியிருக்கவேண்டும், நான் இந்த ஊர்க்காரி. எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே மறுப்பதில்லை. மறுப்பதற்கென்று மரியாதையான வழிகள் பல இருக்கின்றன. "செஞ்சுபோடலாமுங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினால் அந்த விஷயம் முடிந்தது என்று பொருள். "ஊட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேனுங்க" என்றால் அடுத்த பிறவியில் பார்க்கலாம். பத்துப் பேரும் அன்றைக்கே செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.

மிச்சம் இருந்தது லேத்துக்காரரும் நானும். "நீங்க முன்னால நில்லுங்க டீச்சர், பின்னால நாங்க இருக்கறோம்" என்றார். திரும்பிப் பார்த்தேன். பின்னால் பேக்கரி மாஸ்டர் பப்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தார்.

சங்கம் இந்த மண்ணுக்குப் புதிது என்று யாரும் நினைக்கவேண்டாம். 1888-இல் கோவையின் முதல் நூற்பாலை வந்தது. பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்தபின் 1930-களில் மில்கள் வரிசையாக முளைத்தன. மில் இருந்த இடமெல்லாம் தொழிற்சங்கம், கேட் மீட்டிங், கொடி, கோஷம். சிங்காநல்லூரே ஒரு காலத்தில் தனி நகராட்சி. 1981-இல் கோவை மாநகராட்சி ஆனபோதுதான் எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 'ராஜகுமாரி' படத்துக்கு வசனம் எழுத வந்த கருணாநிதி இங்கேதான் வாடகை வீட்டில் இருந்தார். அது 1947-இல் வெளிவந்தது; எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த படம். அந்த வாடகை வீடு எங்கள் வீதியில்தான் இருந்தது என்று சத்தியம் செய்கிறவர்கள் எங்கள் வீதியில் இருக்கிறார்கள். அடுத்த வீதியிலும் இருக்கிறார்கள். இத்தனை வீதிகளில் அவர் குடியிருந்திருந்தால் வசனம் எழுத நேரம் இருந்திருக்காது, சாமான் ஏற்றி இறக்கவே சரியாக இருந்திருக்கும்.

இப்படிப்பட்ட ஊரில் ஏழு பேர் கிடைக்கமாட்டார்களா?

வாட்ஸ்அப்பில் கிடைத்தார்கள். குழு தொடங்கிய ராத்திரியே வீதி முழுக்க உள்ளே வந்துவிட்டது. காலையில் ரோஜாப்பூ, விநாயகர், சூரிய உதயம், மூட்டு வலிக்கு முடக்கத்தான் என்று நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. வீதியில் இத்தனை ஒற்றுமையை நான் பார்த்ததில்லை. அந்த உற்சாகத்தில், "பதிவுக்கு ஆதார் ஜெராக்ஸும் இரண்டு போட்டோவும் தேவை" என்று ஒரு வரி போட்டேன். அதன்பின் குழுவில் நிலவிய அமைதியைப் பரீட்சை ஹாலில்கூட நான் கண்டதில்லை. முப்பது வருஷம் தமிழ் டீச்சராக இருந்தவள் சொல்கிறேன். மறுநாள் மத்தியானம் ஒருவர் மட்டும் பதில் போட்டார். கைகூப்பும் படம்.

வீடு வீடாகப் போவது என்று முடிவானது. போன இடமெல்லாம் உபசாரத்துக்குக் குறைவில்லை. "வாங்க வாங்க, தண்ணி குடிங்க, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போலாமுங்க." காப்பி வரும், முறுக்கு வரும், பையனுக்குப் பெண் பார்க்கிற விஷயம் வரும். கையெழுத்து மட்டும் வராது. பெரிய பங்களாக்காரர் ஒருவர் காகிதத்தை நிதானமாகப் படித்துவிட்டு, "நமக்கெதுக்குங்க பதவி? கௌரவ ஆலோசகர்னு வேணா போட்டுக்கோங்க" என்றார். அந்த ஒரே வாரத்தில் எங்களுக்குக் கிடைத்த கௌரவ ஆலோசகர்களை வைத்து மூன்று சங்கம் நடத்தலாம். உறுப்பினர்தான் இல்லை.

கடைசியில் எப்படியோ ஆட்கள் திரண்டார்கள். மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர். அவருக்குச் சங்கம் என்று காதில் விழுந்தாலே போதும், கை தானாக மேலே போய்விடும். அடுத்து மிலிட்டரிக்காரர். கூட்டத்தைக் காலை ஐந்து மணிக்கு வைக்கவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு சேர்ந்தார். நாங்கள் சாயந்திரம் ஐந்து என்றோம்; மணி ஐந்தாக இருந்ததால் ஒத்துக்கொண்டார். ஒப்பிட்டும் கச்சாயமும் செய்து விற்கிற மாடி வீட்டு அக்கா, "கூட்டத்துக்குப் பலகாரம் என்கிட்டத்தான் வாங்கோணும்" என்று சொல்லிச் சேர்ந்தார். எங்கள் சங்கத்தில் நோக்கம் தெளிவாக இருந்த ஒரே ஆள் அவர்தான். பிறகு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற ஐ.டி. பையன். வாடகைக்கு இருப்பவன் உறுப்பினர் ஆகலாமா என்று ஒரு சர்ச்சை எழுந்தது. "கலைஞரே இங்க வாடகைக்குத்தான் இருந்தாருங்க" என்று மேஸ்திரி சொன்னதும் அடங்கிவிட்டது.

ஆறு பேர். ஏழாவது ஆள் லேத்துக்காரர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார், நாங்கள்தான் கவனிக்கவில்லை. அவருடைய ஆத்தா. வயது எண்பத்திரண்டு. பாக்கு இடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"ஏங்கண்ணு, பொம்பளைங்க கையெழுத்துப் போட்டாச் செல்லுமா?"

"செல்லுமுங் ஆத்தா."

"அப்பக் குடு. ஆனா போட்டா, கூட்டத்துக்கு என்னையும் கூப்புடோணும். இவனாட்டம் போட்டுட்டு ஊட்ல உக்கார மாட்டேன்." மகனைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். இன்றுவரை எங்கள் கூட்டங்களில் ஒன்றைக்கூடத் தவறவிடாத ஒரே உறுப்பினர் ஆத்தாதான். கோரம் கணக்கிடும்போது ஆத்தாவிலிருந்துதான் ஆரம்பிப்போம்.

முதல் கூட்டம் மாடி வீட்டு அக்காவின் கார் ஷெட்டில் நடந்தது. ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்று ஓர் அமெரிக்க ராணுவ இன்ஜினியர் இருந்தார். 1863-இல் நியூ பெட்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு சர்ச் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னபோது, அதை எப்படி நடத்துவதென்று தெரியாமல் திண்டாடிப் போனாராம். அந்த ரோஷத்தில் 1876-இல் கூட்டம் நடத்தும் விதிகளுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். அமெரிக்காவில் சங்கம் வைத்திருக்கிறவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது, ஒரு நேரத்தில் ஒரு விஷயம்தான் பேசவேண்டும் என்பதெல்லாம் அதன் சாரம். பாவம், அவர் கூட்டத்தில் சூடான ஒப்பிட்டு பரிமாறியிருக்கமாட்டார்கள். நாங்கள் சாக்கடையில் தொடங்கி, நெய்க்குத் தாண்டி, ஆட்டுக்கல் மாவுக்கும் கிரைண்டர் மாவுக்கும் உள்ள வித்தியாசத்துக்குப் போய், யாருடைய கிரைண்டர் யார் பட்டறையில் செய்தது என்ற இடத்தில் சிக்கிக்கொண்டோம். லேத்துக்காரர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்.

பெயர் வைக்கும் படலம் தனி. 'சிங்கை' என்று ஆரம்பிக்கலாம், கவிதையாக இருக்கும் என்றேன். "ஆன்ட்டி, போன்ல தேடினா சிங்கப்பூர் வரும்" என்றான் பையன். மிலிட்டரிக்காரர் பெயரில் 'படை' வேண்டும் என்றார். மேஸ்திரி 'போராட்ட' என்ற சொல் இல்லாமல் பெயரே கிடையாது என்றார். வீதியின் பெயரையே வைத்து முடித்தோம். அதிலும், ஏற்கெனவே பதிவான சங்கத்தின் பெயர் இருக்கக்கூடாதே என்று சரிபார்க்கவேண்டியிருந்தது.

பதவிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், சொல்ல அதிகமில்லை. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். கல்லாப்பெட்டி ஏற்கெனவே இருக்கிறது என்று அக்கா பொருளாளர். தலைவர் லேத்துக்காரர். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக்கூடாது என்று சட்டத்தில் இருப்பதைப் படித்துக் காட்டினேன். அதிகாரத்தில் இருப்பவர்கள் வருத்தப்படட்டும் என்று எழுதிய விதி அது. எங்கள் தலைவர் முகம் மலர்ந்து, "மூணே வருஷத்துல உட்டுருவீங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

அடுத்து பைலா. சங்கத்தின் நோக்கம் என்ன, சந்தா எவ்வளவு, கூட்டம் எப்போது என்பதையெல்லாம் எழுதித் தரவேண்டும். தமிழ்நாட்டில் பைலாவை யாரும் எழுதுவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாங்கி வருவார்கள். தலைவரின் மச்சான் ஒருவர் எங்கிருந்தோ ஒரு ஜெராக்ஸ் கொண்டுவந்தார். பதினோரு பக்கம். பழைய சங்கத்தின் பெயர் இருந்த இடத்திலெல்லாம் ஒயிட்னர் பூசி, அதன்மேல் நீலப் பேனாவால் எங்கள் பெயர். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒயிட்னருக்கு அடியில் இன்னொரு ஒயிட்னர் தெரிந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மூன்று தலைமுறை சங்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. கீழடிபோல அடுக்கடுக்காக.

ஒற்றுப்பிழைகளைத் திருத்திக்கொண்டே வந்தவள் நோக்கங்கள் பகுதியில் நான்காவது இனத்தில் நின்றேன். 'இறகுப்பந்து ஆட்டத்தை வளர்த்தல், வீரர்களுக்குப் பயிற்சி அளித்தல், மாநில அளவிலான போட்டிகளுக்கு அனுப்புதல்.'

"யாரை அனுப்பறதுங்க?" என்று மேஸ்திரி கேட்டார். எல்லோரும் ஐ.டி. பையனைப் பார்த்தார்கள். அவன் லேப்டாப்பைப் பார்த்தான்.

அடித்துவிடலாம் என்றேன். மிலிட்டரிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். சட்டத்தின் மூன்றாம் பிரிவில் கல்வி, கலை, பொதுச் சுகாதாரம், சமூக சேவை ஆகியவற்றோடு விளையாட்டும் இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது. பின் எதற்கு அடிக்கவேண்டும்? ஓட்டெடுப்பு நடந்தது. அடிக்கவேண்டும் என்று இரண்டு பேர், இருக்கட்டும் என்று நான்கு பேர். ஆத்தா, "பந்துன்னா உள்ள அடங்குமா, ரோட்டுக்கு வருமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வந்தபின் இருக்கட்டும் பக்கம் சேர்ந்தார். ஒற்றுப்பிழையை மட்டும் திருத்திவிட்டு இறகுப்பந்தை விட்டுவிட்டேன். சாக்கடை ஐந்தாவது இனம்.

பதிவு அலுவலகத்தில் ஒரு சின்ன வயதுப் பெண் பொறுமையாகப் படித்துப் பார்த்தார். "நாலாவது பேட்மிண்டன், அஞ்சாவது சாக்கடை. ரெண்டுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"ரெண்டுமே பொதுச் சுகாதாரந்தானுங்க" என்றார் மேஸ்திரி. அந்தப் பெண் சிரித்துவிட்டார். கேட் மீட்டிங்கில் வளர்ந்தவரை யார் மடக்குவது?

சான்றிதழ் வந்தது. சங்கத்துக்குப் பான் கார்டும் வந்தது. மனிதருக்குப் பிறந்த தேதி இருக்கும் இடத்தில் சங்கம் தோன்றிய தேதி. ஆத்தா அதை வாங்கிப் பார்த்து, தன் பிறந்த தேதி இன்னும் எந்தக் கார்டிலும் சரியாக வரவில்லை என்றும், பிறந்து ஒரு மாசம்கூட ஆகாத இதற்கு மட்டும் எப்படி வந்தது என்றும் கேட்டார். நியாயமான கேள்வி.

சங்கம் என்றால் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் 1989-இல் எம். பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா, வீதிக்காரர்களே காசு போட்டு வீடு வீடாகக் குப்பை எடுக்க ஆள் வைப்பதைப் பல வீதிகளில் பழக்கமாக்கியது. எங்கள் ஊரிலேயே 2003-லிருந்து சிறுதுளி நொய்யலுக்காகவும் குளங்களுக்காகவும் வேலை செய்கிறது. கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்புக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமையானால் மண்வெட்டியோடு குளத்தில் இறங்கிவிடுகிறார்கள். பொன்னாடை கிடையாது, மைக் கிடையாது. எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு, கொஞ்சம் பொறாமையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு ஆட்களை எழுப்பும் வித்தையை அவர்கள் யாரிடம் கற்றார்கள்?

நாங்களும் ஒரு ஞாயிறு சிங்காநல்லூர்க் குளத்துக்குப் போனோம். நொய்யல் தண்ணீரில் நிறைகிற குளம் அது. 2017-இல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக மாநகராட்சி அறிவித்தது. ஆகாயத்தாமரை ஒருபுறம் படர்ந்திருக்க, நடுத் தண்ணீரில் கூழைக்கடாக்கள் கூட்டமாக இறங்கியிருந்தன. நாங்கள் குப்பைப் பையையும் கையுறையையும் எடுத்துப் போயிருந்தோம். யார் எந்தப் பக்கம் அள்ளுவது என்று பேச ஆரம்பித்து, ஒரு துணைக்குழு அமைக்கலாம் என்று முடிவாவதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஆத்தா கரையில் உட்கார்ந்து கூழைக்கடாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுகெல்லாம் யாரு டீச்சர் செயலாளரு? ஒட்டுக்கா வந்து எறங்கி, ஒட்டுக்காத் திங்குது" என்றார். மினிட் புக்கில் இதை நான் ஏற்றவில்லை.

சங்கம் படுத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கௌரவ ஆலோசகர்கள் வெளிப்படையாகவே அப்படி ஆலோசனை சொன்னார்கள். எழுப்பியது நான்காவது இனம்.

மிலிட்டரிக்காரர் சும்மா இருக்கவில்லை. நோக்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபின் நிறைவேற்றாமல் இருப்பது ஒழுங்கீனம் என்று சொல்லி, வீதிமுனைக் காலி இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார். லேத்துக்காரர் பட்டறையிலிருந்து இரண்டு இரும்புக் குழாய் நட்டார். ஐ.டி. பையன் மூன்று நண்பர்களோடு வந்தான், அவர்கள் இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்தார்கள். வாட்ஸ்அப்பில் கைகூப்பியவர் ராக்கெட்டோடு வந்து நின்றார். நரைமுடி. முழங்காலில் பட்டை. ஆதார் ஜெராக்ஸ் கேட்டதும் பர்ஸிலிருந்து எடுத்து நீட்டினார். ஆட்டத்தில் சேரச் சந்தா கட்டவேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். ஒரே மாதத்தில் எங்கள் உறுப்பினர் எண்ணிக்கை ஏழிலிருந்து நாற்பதைத் தாண்டியது. காப்பி குடித்தும் முறுக்குத் தின்றும் கிடைக்காத கையெழுத்தெல்லாம் ஓர் இறகுக்குக் கிடைத்தது.

ஆறரை மணிக்கு மேல் பந்து தெரியவில்லை என்று குறை வந்தது. அப்போதுதான் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி அந்தத் தெருவிளக்கைப் பார்த்தார்கள். 2022 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டு நகரங்களில் முதன்முதலாகப் பகுதி சபைகள் கூடின. அதற்கப்புறம் எங்கள் பகுதியில் நடந்த ஒரு சபைக்கு வீதியே கிளம்பிப் போனது, பாதிப் பேர் கையில் ராக்கெட். மேஸ்திரி பேச எழுந்ததும் வழக்கம்போல் கை மேலே போனது. கூடவே ஏழெட்டு ராக்கெட்டுகளும் மேலே போயின. விளக்கு அந்த வாரமே எரிந்தது.

சாக்கடைக்கு மூடி கேட்ட மனு பரிசீலனையில் இருக்கிறது. ஆடும்போது இறகுப்பந்து அதில் விழுந்துவிடுவதாகக் காரணம் எழுதி மறுமனு கொடுக்கச் சொல்கிறார் மிலிட்டரிக்காரர். அடுத்த பொதுக்குழுவில் பேசுவதாக இருக்கிறோம். தலைவருக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி, நாட்காட்டியில் அடித்துக்கொண்டு வருகிறார்.

போன வாரம் அடுத்த வீதிக்காரர் ஒருவர் வந்தார். கருணாநிதி குடியிருந்த அடுத்த வீதி. "ஏனுங் டீச்சர், நாங்களும் ஒரு சங்கம் வெக்கலாம்னு ஒரு ரோசனைங்க. உங்க பைலா ஒரு ஜெராக்ஸ் கெடைக்குமுங்களா?"

காப்பி கொடுத்து, பைலாவும் கொடுத்தேன். நாலாவது இனத்தை ஒருதடவை படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"பாத்துக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். கேட்டுவரை போனவர் திரும்பி வந்தார்.

"ஒயிட்னர் இருந்தா அதையும் குடுத்துருங்க டீச்சர்."